ஒன்பதே முக்கால் மணித் தெரு

பகலில் பார்த்தால் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.
அதனால் என் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கே
போய்ப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டேன்:
ஒன்பதே முக்கால்.
பையில் தண்ணீர் பாட்டில், ஒரு மிக்சர் பொட்டலம்,
சம்பளம் பதினாலாயிரம் என்று அச்சடித்த ஆர்டர்.

ஐயாயிரத்துக்கு மேல் முடியாது.
இதை முதலிலேயே சொல்லிவிட்டால்
பாதிப் பேருக்குக் கதவு திறக்கிற வேலை மிச்சம்.

கோரிப்பாளையத்தில் ஒன்று,
நாலாயிரத்து இருநூறு, அறைக்கு ஆறு கட்டில்,
ஆறுக்கும் சேர்த்து ஒரே ஜன்னல்,
அதற்குள் கை நீட்டினால்
பக்கத்துக் கட்டடத்தின் ஈரச் சுவர்.
தெருவிளக்கை எண்ணினேன்: பதினொன்று.
எரிவது நான்கு.
எரியாத ஒன்றின் கீழே
பைக்கில் சாய்ந்திருந்தவன்
'என்ன தேடுறீங்க' என்றான்.
நல்லவனாகக்கூட இருந்திருக்கலாம்.
கண்டுபிடிக்க நான் நிற்கவில்லை.

கே.கே. நகரில் ஒன்று.
மதில்மேல் கண்ணாடிச் சில்லு, அதற்கும் மேல் முள்கம்பி,
வாசலில் கேமரா,
'முழுப் பாதுகாப்பு' என்று பச்சை எழுத்து.
ரோஸ்லின் மேடம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்:
எட்டரைக்குப் பூட்டு.
போன் பேசினால் ஹாலில்தான்.
மொட்டைமாடி கிடையாது.
எனக்கு வேலை ஒன்பதரைக்குத்தான் முடியும், மேடம்.
'அப்படி என்ன வேலை?'
ரத்தம் எடுக்கிறது.
கிரில் கதவில் தேங்காய் கனத்துக்கு ஒரு பூட்டு.
உள்ளே தீப்பிடித்தால் சாவி யாரிடம் என்று கேட்டேன்.
பாடத்தில் இல்லாத கேள்வி வந்த முகம்.
சாவி அவர் தம்பியிடம் இருக்குமாம்.
தம்பி வீடு
திருநகரில்.

அப்பா போனில் ஒரே கேள்வி: 'கேமரா இருக்கா?'
இருக்கு.
'பெறகென்ன, அங்கயே சேந்துரு.'
அப்பாவின் பயம் கதவு வரைக்கும்தான் வரும்,
கதவு சாத்தினால் படுத்துக்கொள்ளும்.
என்னுடையது பஸ் ஸ்டாப்பில் இறங்கி
கூடவே நடந்து வருகிறது.

சிம்மக்கல்லில் மூன்றாவது.
கீழே ஜெராக்ஸ் கடை, மேலே பத்துப் பெண்கள்,
எதிரே பரோட்டாக் கடை.
கல்லின்மேல் கொத்து விழுகிற சத்தத்தில்
நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை.
ஸ்டாப்பிலிருந்து நூற்றுப் பதினேழு காலடி,
விளக்கு மூன்றே மூன்று.
சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தன்
நான் படியேறுவதையே பார்த்தான்.
கல்லாவில் இருந்த அக்கா
சில்லறை எண்ணுவதை நிறுத்தாமல்
'இலையப் பாத்துத் தின்னு' என்றாள்.
அவன் இலையைப் பார்த்தான்.

சுல்தானா அக்கா ஐயாயிரத்து முந்நூறு சொன்னார்.
குறைகளை நானே எண்ணிக் காட்டினேன்:
எண்ணெய்ப் புகை, தண்ணீர் கேனுக்குத் தனிக் காசு,
பாத்ரூம் தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு துண்டுக் கயிறு.
ஐயாயிரத்துக்கு இறங்கினார்.
தாழ்ப்பாள் மட்டும் நாளைக்கு என்றார்.
ஆளுக்கு ஒரு சாவி.
தொலைத்தால் எண்பது ரூபாய்.

'பேரு?'
முத்திருளாயி.
நோட்டில் 'முத்து' என்று எழுதிப் பேனா நின்றது.
மிச்சத்தையும் எழுதுங்க அக்கா, என்றேன்.
'இருளாயின்னு பேர வச்சுக்கிட்டு
லைட்ட எண்ணிட்டு வந்தியாக்கும்!'
இரண்டு பேரும் சிரித்தோம்,
அவர் கொஞ்சம் கூடுதலாக.

முதல் ராத்திரி.
ஒன்றேகாலுக்குக் கொத்துச் சத்தம் நின்றபோதுதான்
விழிப்பு வந்தது.
ஷட்டர் இறங்கியது, பாத்திரம் உருண்டது,
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டபடி கொஞ்ச நேரம்.
யாரோ பருத்திப்பால் வண்டி தள்ளிப் போனார்கள்.
மேல் கட்டிலில் திருமங்கலத்துக்காரி
தூக்கத்தில் யாருடனோ பேரம் பேசினாள்.
தலையணைக்கடியில் கை விட்டுச் சாவியைத் தொட்டேன்,
மிக்சர் தூள் ஒட்டியிருந்தது.

தாழ்ப்பாளை
காலையில் மறுபடி கேட்க வேண்டும்.